ஊர் பேர் சொல்லாத ஓவியர்

ஆறு விவரம் கையில் இருந்தால் யாருடைய வாழ்க்கையையும் ஒரு மணித்தியாலத்தில் எழுதிவிடுவேன். பிறந்த ஊர், தாய் தகப்பன் பெயர், படித்த பள்ளிக்கூடம், பார்த்த வேலை, மணம் முடித்த இடம், பிள்ளைகள். ஓக்லண்டில் எங்கள் தமிழ் ஆட்களின் வீட்டில் ஒரு சாவு விழுந்தால், செத்தவீடு முடிந்த அடுத்த நாளே எனக்கு டெலிபோன் வரும். முப்பத்தோராம் நாள் வருகிறவர்களுக்குக் கொடுக்க நினைவு மலர் வேண்டும். அட்டையில் போட்டோ, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழே தோற்றம், மறைவு. உள்ளே நான் எழுதும் வாழ்க்கை வரலாறு, அதற்குப் பிறகு பக்திப் பாடல்கள். கடைசிப் பத்து வருஷம் சொந்தத் தம்பியோடும் கதைக்காமல் இருந்த ஒரு மனுஷரை ‘எல்லோருடனும் கலகலப்பாகப் பழகும் பண்பாளர்’ என்று எழுதியிருக்கிறேன். அந்தத் தம்பியே வாசித்துவிட்டு நன்றி சொன்னார்.

இப்படிப்பட்ட எனக்கே தண்ணி காட்டிய ஒருவர் இருந்தார். ஜெர்மன்காரர், ஓவியர். போருக்குப் பிறகு அந்த நாட்டில் ஆள், மரம், வீடு எதுவும் இல்லாமல் வெறும் நிறங்களை வைத்துப் படம் வரையத் தொடங்கிய இளைஞர்களில் ஒருவர். நான் அவரைச் சந்தித்தபோது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். இப்போது அவர் இல்லை. அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதும் இல்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

ஓக்லண்டின் தெற்குப் பக்கம், ஒடாஹுஹுவில் ஒரு சின்ன அச்சகத்தில் எனக்கு வேலை. முதலாளி ஈப்போவிலிருந்து வந்த மலேசியத் தமிழ்ப் பெண், என்னைவிட எட்டு வயது இளையவள். நான் அவளைத் தங்கச்சி என்பேன், அவள் என்னை அண்ணே என்பாள். சர்ச் நோட்டீஸ், டேக்அவே மெனு, பிறந்தநாள் கார்ட் என்று எது வந்தாலும் டிசைன் பண்ணி, மெஷினில் ஓட்டி, வெட்டிக் கொடுப்பது நான்.

அவர் முதலில் வந்தது ஒரு மழை நாளில். கழுத்துப் பட்டன்வரை பூட்டிய நீலச் சட்டை, பளபளவென்று துடைத்த பழைய சப்பாத்து. பேப்பரில் சுற்றிய ஒரு பலகையைக் கவுண்டரில் வைத்துப் பிரித்தார். சிலேட்டு அளவுதான் இருக்கும். அதில் இருந்தது சாம்பல் நிறம். ஓரத்தில் கொஞ்சம் வேறு சாம்பல். அதைப் போஸ்ட்கார்டாக ஐம்பது அடித்துத் தர வேண்டும் என்றார். இதென்ன பெரிய வேலை என்று நினைத்துப் படம் பிடித்து முதல் ப்ரூஃபை எடுத்துக் கொடுத்தேன். தலையைச் சரித்து, கோழி பார்ப்பதுபோல் பக்கவாட்டில் பார்த்தார்.

“இது பச்சை” என்றார்.

எனக்கு ஒரு பச்சையும் தெரியவில்லை. மாற்றி இன்னொன்று கொடுத்தேன். “இது ஊதா.” மூன்றாவது அதிகச் சிவப்பு. நான்காவது நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது வேறொருவருடைய படம் என்றார். முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது.

“அண்ணே, சிமெண்டு கலருக்கு இவ்ளோ பாடா? கறுப்பைக் கொறைச்சு அடிச்சுக் குடுத்து அனுப்பிடுங்க லா.”

“தங்கச்சி, மனுஷன் பக்கத்திலதான் நிக்கிறார்.”

“அவருக்குத் தமிழா தெரியும்?”

ஆறாவது ப்ரூஃபில் எனக்கே அந்தப் பச்சை தெரியத் தொடங்கியது. அது எனக்குப் பெரிய எரிச்சலாக இருந்தது. இருபது வருஷமாக மையோடு கிடக்கிற ஆள் நான். பதினொன்றாவதை எடுத்து அவர் நெஞ்சுப் பையில் வைத்தார். மற்றப் பத்தையும் கிழித்துப் போடவில்லை. பிழையானவற்றையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று வாங்கிக்கொண்டு போனார்.

அதன் பிறகு மாதம் இரண்டு மூன்று தரம் வருவார். நாங்கள் கதைத்தது இங்கிலீஷில். அவருடைய இங்கிலீஷ் குறுகலானது. தமிழில் எழுதும்போது நானும் அப்படியே குறுக்கியிருக்கிறேன். தொழில் புத்தி விடுமா? முதல் வாரமே கேட்டேன், ஜெர்மனியில் எந்த ஊர் என்று.

“தெருவில் டிராம் ஓடும். மேல்பாதி வெண்ணெய் நிறம். கீழ்ப்பாதி அழுக்கு.”

“ஓம், ஆனால் ஊருக்குப் பெயர்?”

“பெயர் வரைபடத்தில் இருக்கிறது. டிராம் இல்லை.”

இதுதான் அவர். எதைக் கேட்டாலும் கண்ணால் கண்டதைச் சொல்வார். ஊர் வராது, ஆண்டு வராது. எப்போது பிறந்தீர்கள் என்றால், பழுப்புக் கதவு போட்ட அறை என்பார். தகப்பன் என்ன வேலை என்றால், விரல் நகங்களுக்குள் நீலம் என்பார். தகப்பன் மை செய்தாரா, சாயம் போட்டாரா, கொல்லரா என்று நான் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதுதான். நான் விடாமல் கேட்பதும் அவர் கொடுக்காமல் இருப்பதும் எங்களுக்குள் ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. என் மனைவி பின்னேரம் வேலையால் வந்ததும் அதைத்தான் விசாரிப்பாள்.

“உங்கட ஜெர்மன் ஐயா இண்டைக்கு என்ன சொன்னவர்?”

“கலியாணம் கட்டினனீங்களோ எண்டு கேட்டன். ‘கதவுக்குப் பின்னால மஞ்சள் கோட் ஒண்டு தொங்கினது. பதினொரு வருசம். பிறகு அந்த இடத்தில சுவர் மட்டும் புதுசா இருந்தது’ எண்டார்.”

அவள் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தாள். “அந்த மனுசி போயிட்டாவோ, செத்துப்போனாவோ?”

“அது சொல்லேல்லை.”

“நீங்களும் இனிக் கேளாதேங்கோ” என்றாள்.

ஒருநாள் நூலகத்திலிருந்து எடுத்த தடித்த புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து விரித்தார். போருக்குப் பிந்திய ஜெர்மன் ஓவியர்களைப் பற்றியது. பழைய போட்டோ ஒன்றில் மூன்று இளைஞர்கள் ஓர் அடுப்பைச் சுற்றி நின்றார்கள். மூன்று பேரும் பிறகு பேர் போனவர்கள், கீழே பெயர்கள் இருந்தன. இடது ஓரத்தில் ஒரு முழங்கை.

“அது நான்” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். நாலு பேருக்கும் ஒரே அடுப்பு, அடுப்புக்குப் பக்கத்தில் நிற்பது முறை வைத்து. அந்தப் போட்டோ எடுத்தபோது அவருடைய முறை முடிந்திருந்ததாம். ஏன் அந்த நாட்டை விட்டு வந்தீர்கள் என்று கேட்டேன். அன்றைக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொன்னார்.

“ஒருவர் வந்து, இந்தச் சாம்பல் நிறம் என்ன என்று கேட்டார். நிறம் என்றேன். அவர் பேப்பரில், எரிந்த நகரத்தின் சாம்பல் என்று எழுதினார். பிறகு எல்லோரும் அந்தச் சாம்பலைப் பார்க்கத்தான் வந்தார்கள். நல்ல விலை கொடுத்தார்கள். அங்கே என்னால் அந்த நிறத்தை மேற்கொண்டு பூச முடியவில்லை.”

அப்படித்தான் கப்பல் ஏறினார், இங்கே வந்தார். நகரத்துக்குத் தெற்கே, புக்கெகோஹியில் வெங்காயம் பொதி செய்யும் கொட்டகையில் இருபத்திரண்டு வருஷம் நின்றார். பெல்ட்டில் ஓடிவரும் வெங்காயங்களில் கெட்டதைப் பொறுக்கி எறிவது வேலை. சனி ஞாயிறில் படம். வாங்க ஆளில்லை, அவரும் யாரிடமும் கொண்டுபோய்க் காட்டவில்லை. ஒடாஹுஹுவில் அவர் இருந்த சின்ன யூனிட்டின் கராஜில் எல்லாம் சுவரைப் பார்த்தபடி அடுக்கிக் கிடந்தன. ஒன்றை எடுத்தால் மற்றதை வைக்க இடமில்லை. தான் வரைந்ததில் மூன்றுக்கு மேல் ஒன்றாக அவரே பார்த்ததில்லை.

அவர் தலையைச் சரித்துப் பார்ப்பது ஓவியர்களின் ஸ்டைல் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஸ்டைல் இல்லை. இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை தேய்ந்துகொண்டு வந்தது. இன்னும் ஒரு வருஷம் ஓடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் நகரத்தில் ஓர் ஓவியக் காலரி எப்படியோ அவரைக் கண்டுபிடித்தது. காலரிப் பெண், முப்பது வயதிருக்கும், கராஜுக்கு வந்து இரண்டு மணித்தியாலம் நின்றாளாம். ஒரு பெரிய மண்டபத்தில் முப்பத்தாறு படங்கள், கூடவே ஒரு புத்தகம் என்றாள். புத்தகத்தை எங்கள் கடையில்தான் அடிக்க வேண்டும் என்று இவர் பிடிவாதம் பிடித்தார்.

“ஒன்றைத் தனியாகப் பார்த்தால் எனக்குத் தெரியாது” என்றார் என்னிடம். “எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டும். அப்போதுதான் இது ஏதாவதா, அல்லது நான் நேரத்தை வீணாக்கினேனா என்று தெரியும். கண் இருக்கும்போதே பார்க்க வேண்டும்.”

இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, வெட்டும் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் எதையாவது வேண்டும் என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

சிக்கல் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் வந்தது. கண்காட்சிக்குப் பணம் போடும் ட்ரஸ்ட்டுக்கு ஓவியரின் வாழ்க்கை வரலாறு ஒரு பக்கம் வேண்டும். ஊர், ஆண்டு, போர், பட்டினி. காலரிப் பெண் மூன்று தரம் கேட்டாள். இவர் மூன்று தரமும் டிராமும் கதவும் சொன்னார். வியாழக்கிழமைக்குள் அந்தப் பக்கம் வராவிட்டால் கண்காட்சி அடுத்த வருஷத்துக்குப் போகும் என்று கடைசியில் சொல்லிவிட்டாள். அடுத்த வருஷம் அவருக்குக் கண் இருக்காது.

திங்கட்கிழமை காலை கடை திறந்ததும் வந்து நின்றார். தொப்பியைக் கழற்றவில்லை.

“நீங்கள் வாழ்க்கைகள் எழுதுகிறவர் என்று உங்கள் முதலாளி சொன்னார். ஒன்று எழுதுங்கள். அவர்களுக்கு எது தேவையோ அது. எனக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.”

அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் சந்தோஷமாகத்தான் உட்கார்ந்தேன் என்பதை ஒளிக்க முடியாது. எத்தனை மாதமாகக் கை ஊறிக்கொண்டிருந்தது! ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. குண்டு விழுந்த நகரம், பசியில் வாடிய பாலகன், இடிபாட்டுக்குள் மாண்டுபோன தாய், அந்தச் சாம்பலையே வண்ணமாக்கிய மேதை. இங்கிலீஷில் எழுதினாலும் கை தமிழ் மலர்க் கைதானே, ‘பண்பாளர்’ முதல் ஒன்றையும் விடவில்லை. எழுதி, பழக்கமான ஃபைலைத் திறந்து, போட்டோவைப் போட்டு, மாலைக்குள் காலரிக்கு ஈமெயில் அனுப்பிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அவர் கடையில் நின்று புத்தகத்தின் மற்றப் பக்கங்களின் ப்ரூஃபைச் சரித்துச் சரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். டெலிபோன் அடித்தது.

“அண்ணே, ஒரு பொண்ணு அழுவுது லா” என்று முதலாளி ரிசீவரை நீட்டினாள்.

காலரிப் பெண். எப்போது போனார், ஏன் தனக்கு ஒருவரும் சொல்லவில்லை, சனிக்கிழமைதானே கதைத்தேன் என்று விம்மினாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கம்ப்யூட்டரில் அந்த ஃபைலைத் திறந்து பார்த்த பிறகுதான் விளங்கியது. பழக்கமான ஃபைல் என்றேனே, அது நினைவு மலருக்கு நான் வைத்திருக்கும் ஃபைல். போட்டோவின் இரண்டு பக்கமும் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. தலைப்பில் ‘அன்பு நினைவாக.’ கீழே தோற்றம், மறைவு, இரண்டும் சுத்தமான இங்கிலீஷில். ஆண்டு தெரியாததால் கைப் பழக்கத்தில் இரண்டுக்கும் நேரே வெறும் கோடு போட்டிருந்தேன்.

ரிசீவரை அவரிடமே கொடுத்தேன்.

“நான் இருக்கிறேன்” என்றார் அவர். “கொஞ்சம் தலையிடி. அவ்வளவுதான்.”

நானும் முதலாளியும் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு. ஆனால் மறுபக்கத்தில் அந்தப் பெண் அழுகை தெளிந்து, நான் எழுதிய பக்கம் தன்னை எப்படி உலுக்கிவிட்டது என்று சொல்லத் தொடங்கியிருக்க வேண்டும். வாசித்தும் காட்டியிருக்கிறாள். அவர் கேட்டுக்கொண்டே நின்றார். ஒரு கை கவுண்டரின் விளிம்பைத் தேடிப் பிடித்தது.

“அது உண்மையில்லை” என்றார். “என் அம்மா எண்பத்துநாலு வயதில் கட்டிலில் இறந்தார். நீல அறை. என்னோடு கோபமாக இருந்தார்.” ரிசீவரை வைத்தார்.

அவர் என் பக்கம் திரும்பினார்.

“என் அம்மாவை மிக அழகாகக் கொன்றிருக்கிறீர்கள்” என்றார். குரலில் கோபமே இல்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஒருவரும் ஏசாமலே வெட்கத்தில் முகம் எரியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் அந்தப் பொய்யை அப்படியே இருக்க விட்டிருந்தால் கண்காட்சி நடந்திருக்கும்.

வீட்டில் சொன்னேன். மனைவி கையிலிருந்த கரண்டியோடு திரும்பினாள்.

“உங்களுக்கென்ன விசரே? உயிரோட இருக்கிற மனுசனுக்கு விளக்குக் கொளுத்திப்போட்டு வந்து நிக்கிறியள்.”

“அதில்லையப்பா பிரச்சினை. அவற்ற தாய்…”

“ஓம், அதுவும்தான். நாளைக்குப் போங்கோ. போய் மன்னிப்புக் கேளுங்கோ. கட்லட் பொரிச்சுத் தாறன், வெறுங்கையோட போகாதேங்கோ.”

புதன்கிழமை அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு போனேன். அவர் கராஜில் ஒரு ஸ்டூலில் இருந்தார். மன்னிப்புக் கேட்டேன். கட்லட் பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, “நான்தானே எழுதச் சொன்னேன்” என்றார். அவருக்கும் வெட்கமாக இருந்தது என்பது அப்போது விளங்கியது.

“ஐயா, நாளைக்கு வியாழன்” என்றேன். “நான் பழையபடி கேட்கிறேன். நீங்கள் உங்கள் மாதிரியே சொல்லுங்கள். ஒரு சொல்லும் கூட்டாமல் எழுதுகிறேன்.”

ஸ்டூலிலிருந்து எழுந்தார். பிறகு ஒரு படத்தை எடுத்து என் பக்கம் திருப்பினார். நான் கேட்டேன், அவர் சொன்னார். ஆறு மணி ஆகியது. வீட்டுக்கு வந்து எழுதியதைத் திரும்ப வாசித்தேன். எங்கேயாவது ஒரு ‘பண்பாளர்’ ஒளிந்திருக்கிறாரா என்று இரண்டு தரம் தேடினேன். அந்தப் பக்கத்தில் சில வரிகள் இவை:

‘அவர் பிறந்த அறையின் கதவு பழுப்பு. போர் ஒரு பச்சை எனாமல் கிண்ணம். விளிம்பு மூன்று இடத்தில் உடைந்தது. பாதிக்கு மேல் நிறைந்ததில்லை. நாலு பேருக்கு ஓர் அடுப்பு. கதவுக்குப் பின்னால் மஞ்சள் கோட், பதினொரு வருஷம். கப்பல் வெள்ளை, உள்ளே தண்ணீர்க் குழாய்கள் சிவப்பு. இருபத்திரண்டு வருஷம் வெங்காயம். இரண்டு ஒரே நிறத்தில் வந்ததில்லை. தாய் இறந்த அறை நீலம். சாம்பல் நிறம் என்பது சாம்பல் நிறம்.’

வியாழன் காலை அனுப்பினேன். இந்த முறை வெள்ளைத் தாளில், விளக்கு இல்லாமல். மத்தியானம் காலரிப் பெண் டெலிபோன் பண்ணினாள். ட்ரஸ்ட்டோடு தான் கதைத்துப் பார்ப்பதாகச் சொன்னாள். கதைத்தாளா, சண்டை பிடித்தாளா தெரியாது. திங்கட்கிழமை சம்மதம் வந்தது, ஒரு நிபந்தனையோடு: கடைசி வரியில் ஓவியர் ஓக்லண்டில் வசிக்கிறார் என்று தெளிவாகப் போட வேண்டும். முதலாளி அதைக் கேட்டு அரை மணித்தியாலம் சிரித்தாள்.

கண்காட்சி நாலு மாதம் கழித்து. டாக்டர் சொன்ன ஒரு வருஷம்வரை கண் பொறுக்கவில்லை. திறப்புக்கு முதல் நாள் பகல், கூட்டம் வருமுன் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். மண்டபத்தில் காலரிப் பெண் எங்களை விட்டுவிட்டு வெளியே போனாள். நாலு சுவரிலும் முப்பத்தாறு படங்கள். நடுவில் ஒரு வாங்கு. அவர் அதில் உட்கார்ந்து ஒரு சுவரைப் பார்த்தார். பிறகு மெல்ல அடுத்த சுவர்.

“எதைப் பார்க்கிறேனோ அது இல்லை” என்றார். “இடப்பக்கம் இருப்பது இருக்கிறது. வலப்பக்கம் இருப்பது இருக்கிறது. அங்கே திரும்பினால் அதுவும் போய்விடுகிறது.”

இத்தனை பாடுபட்டு வந்து, முப்பத்தாறும் சுற்றி நிற்க, பார்க்கப் போகிற ஒவ்வொன்றும் அவருக்கு இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“நேரே இருப்பது,” என்றார். “அது நன்றாக இருக்கிறதா?”

ஒருவரிடமும் அவர் அப்படிக் கேட்டிருக்க மாட்டார். என் நாக்கில் வந்து நின்றது பழைய சரக்குத்தான்: அற்புதம், அபாரம், மேதை. இருபது வருஷமாகச் செத்தவர்களுக்கெல்லாம் வாரி வழங்கியது. இவரோ உயிரோடு பக்கத்தில் இருந்து கேட்கிறார். எழுந்து அந்தப் படத்துக்குக் கிட்டப் போய், விலகி வந்து, தலையைச் சரித்தும் பார்த்தேன்.

“இல்லை ஐயா” என்றேன். “மேலே இருக்கும் நீலம் அவசரமாக வந்திருக்கிறது. அந்த இடத்தில் நீங்கள் களைத்துப்போய் விட்டுவிட்டீர்கள்.”

அவர் அசையவில்லை.

“அதற்குப் பக்கத்தில்?”

“அது நல்லது. அதில் பச்சை உள்ளே இருக்கிறது. கிட்டப் போனால் இல்லை, தள்ளி நின்றால் வருகிறது.”

“அடுத்தது?”

அடுத்ததையும் சொன்னேன். சுவர் சுவராக, ஒவ்வொன்றுக்கும் நேரம் எடுத்து, நல்லது என்றும் இல்லை என்றும் ஏன் என்றும் சொல்லிக்கொண்டு போனேன். இரண்டு இடத்தில் மறுத்தார், ஓர் இடத்தில் நான் மாற்றிக்கொண்டேன், மற்ற இடத்தில் மாற்றவில்லை. கடைசிச் சுவர் முடிய நாலு மணிக்கு மேலாகிவிட்டது. காலரிப் பெண் கதவடியில் வந்து நின்றாள்.

“எத்தனை நன்றாக இல்லை?” என்று கேட்டார்.

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். “ஒன்பது.”

“ஒன்பதுதானா?” என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு, கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, அதை அவர் துடைக்கவும் இல்லை. “உண்மையாகவா? ஒன்பதுதானா?”

“ஒன்பதுதான்” என்றேன்.